கடவுச்சொல் தவறு, மீண்டும் முயலவும்

மறுபடியும் தவறு என்கிறது. கடவுச்சொல் தவறு, மீண்டும் முயலவும். முயலத்தான் செய்கிறேன், காலையிலிருந்து வேறு என்ன வேலை பார்த்தேன். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது, இது பயமா சந்தோஷமா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. திரையின் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே உலகம்மாள் என்று என் பெயர், தமிழில், கால் குறையாமல் புள்ளி குறையாமல், பாளையங்கோட்டையில் இந்தத் தெருவில் வேறு யார் வீட்டு லேப்டாப்பாவது தன் சொந்தக்காரியை இப்படித் தமிழில் பேர் சொல்லிக் கூப்பிடுமா, கூப்பிடாது, பந்தயம் கட்டிச் சொல்வேன். கூப்பிடுகிறது, ஆனால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. பெயருக்குக் கீழே ஒரு கட்டம், அதில் நான் அடிக்க அடிக்கக் கருப்புப் புள்ளிகள் வரிசையாக வருகின்றன, என்டர் தட்டினால் கட்டம் இடமும் வலமுமாக மாட்டேன் மாட்டேன் என்று ஓர் ஆட்டம் ஆடுகிறது, புள்ளிகள் எல்லாம் போய்விடுகின்றன. நான் வைத்த கடவுச்சொல் எனக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இந்த நினைக்கிறேனில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது, ஏனென்றால் மனதுக்குள் ஒரு முடிவு பண்ணிவிட்டேன்: கடவுச்சொல் நிஜமாகவே மறந்துபோயிருக்கிறது என்றால், மத்தியானம் ஹேமா போன் பண்ணும்போது சரி என்று சொல்லிவிடுவேன். சரிம்மா, உன் அம்மாவைக் கோயம்புத்தூரில் அந்த முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டுவிடு, இனி என்னால் பார்த்துக்கொள்ள முடியாது என்று. மறக்கவில்லை என்றால் அக்கா இங்கேயே என்னோடு இருப்பாள். ஹேமா அக்காவின் ஒரே மகள், சென்னையில் வேலை, சாப்பாட்டு நேரத்தில்தான் அவளுக்குப் பேச ஒழியும். அக்கா ஹாலில் இருக்கிறாள். அடுப்பில் குக்கர் இருக்கிறது.

எவ்வளவு தூரம் கடந்து வந்து இந்த இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்தால்தான் ஆற்றாமையாக இருக்கிறது, வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. இந்த லேப்டாப் ஹேமா போன தடவை வந்தபோது விட்டுப்போனது. கிழடாகிவிட்டது, புது விண்டோஸ் எல்லாம் இதில் ஏறாது சித்தி, காயலான் கடையில போட்டுருங்க என்றாள். எனக்கு மனசு வரவில்லை. விசையைத் தட்டினால் எழுத்து விழுகிற எதையும் நான் தூக்கிப் போட்டவள் இல்லை. பழைய தமிழ்ப் புத்தகங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றுகிற குழு ஒன்றில் இருக்கிறேன், இதுவரை போனில்தான் அடித்தேன், பத்து விரலும் பழகியவள் ஒற்றைக் கட்டைவிரலால் அடித்தால் எப்படி இருக்கும், வாய் நிறையப் பேசத் தெரிந்தவளைச் சைகையில் பேசச் சொன்ன மாதிரி. குழுவில் கேட்டேன், விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுங்கம்மா, பழைய மெஷினுக்கும் உசுரு வந்துரும் என்றார்கள். எந்த லினக்ஸ் என்று கேட்டதுதான் தாமதம். பெண் இருக்கிறது என்று சொன்ன வீட்டுக்கு ஒவ்வொரு மாமாவும் ஒரு ஜாதகத்தோடு வந்து நிற்கிற மாதிரி ஆளுக்கொரு பேரோடு வந்துவிட்டார்கள், இது லேசானது, அது அழகானது, அதைத் தொட்டால் கெட்டீங்க, இதைப் போடாதவன் எல்லாம் மனுசனே இல்லை. கடைசியில் எனக்கு என்ன வேண்டும் என்பதையே மறந்துவிட்டு அவர்களுக்குள் சண்டை, இரண்டு பேர் குழுவை விட்டே போய்விட்டார்கள். நானாக ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பென்டிரைவில் இறக்கினேன். பென்டிரைவைச் செருகி இயக்கினால் அது பழைய மாதிரியேதான் எழுந்திருக்கிறது. எழும்போது ஒரு விசையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டுமாம், எந்த விசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறாம், மேல் வரிசையில் இருந்த அத்தனை விசையையும் ஒரு கை பார்த்தேன், கதவைத் தட்டிக்கொண்டே ஓடுகிற பிள்ளைகள் மாதிரி. ஒன்றில் சிக்கியது. கருப்புத் திரையில் லினக்ஸின் அடையாளமான பென்குவின் படம் வந்து நின்றதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன், பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

அது மட்டுமா. வன்வட்டில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டதே, அந்த ஒரு கேள்விக்கு முன்னால் எவ்வளவு நேரம் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரசனை நம்பிப் புருஷனைக் கைவிடுகிறேனோ என்று இருந்தது. எனக்குப் புருஷனும் கிடையாது, அரசனும் கிடையாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது, சிரித்துக்கொண்டே அமுக்கினேன். அழித்தது, நிறுவியது, பட்டை மெல்ல மெல்ல நகர்ந்தது, தொண்ணூறுக்கு மேல் போய் நின்றுகொண்டு அசைய மாட்டேன் என்றது, நான் குளித்துவிட்டு வந்தேன், அக்காவுக்குத் தலை வாரிவிட்டேன், அப்போதும் அங்கேயேதான் நின்றது. அப்புறம் வைஃபை. வைஃபை என்கிற அடையாளமே காணோம். குழுவில் கேட்டால் அதற்கு ஒரு டிரைவர் போட வேண்டும், இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இணையமே இல்லையே என்றால், ஆமாம், வைஃபை வந்தால் இணையம் வந்துவிடும் என்கிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும். யாரோ ஒரு புண்ணியவான், போனை வயரால் சேர்த்துப் போனின் இணையத்தைக் கொடுங்கள் என்று சொன்னார். அதையும் செய்தேன். கருப்புச் சன்னலில் கட்டளை அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன், ஓர் எழுத்து விட்டுப்போனாலும் தெரியாது போ என்றது, நான் டைப்பிஸ்டாக இருந்த தாலுகா ஆபீஸில் ஒரு கமா விட்டுப்போனதற்குக் கடிதத்தைத் திருப்பி எறிந்த தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார், அவர்தான் செத்து இதற்குள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறாரோ என்னவோ. வைஃபை வந்தது. மூன்று வளையமும் வெள்ளையாகத் தெரிந்தன. எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து ஒருதடவை அணைத்துப் போட்டேன், அதுவரை பென்டிரைவிலிருந்தே ஓடியதால் தானாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தது போய், இப்போது கடவுச்சொல் கேட்கிறது. கேட்கட்டும், அதற்குத்தானே வைத்தது. ஆனால் நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறதே.

மெதுவாக அடிப்போம். ஒவ்வொரு விசையாக, கேப்ஸ் லாக் போட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லை, விளக்கு எரியவில்லை, மெதுவாக, என்டர். மாட்டேன் என்று தலையாட்டுகிறது. வேகமாக அடிப்போம், விரலுக்குத் தெரியும், மூளைதான் குறுக்கே வருகிறது. என்டர். மாட்டேன். அந்தச் சொல் என்ன என்று உங்களிடம் சொல்லலாகாது, கடவுச்சொல் என்பதற்காக மட்டும் இல்லை, அது ஒரு வசவு. நல்ல காரமான வசவு. ஆயுசெல்லாம் பார்வையில் கண்ட கடிதத்தின்படி, பணிந்து சமர்ப்பிக்கிறேன், தக்க நடவடிக்கைக்காக என்று அடித்து அடித்துத் தேய்ந்த விரல்கள் இவை, ஒரு கெட்ட வார்த்தைகூட இந்த விரல் வழியாக வந்தது கிடையாது. நிறுவும்போது கடவுச்சொல் கொடு, யாருக்கும் தெரியாததாகக் கொடு, எளிதில் ஊகிக்க முடியாததாகக் கொடு என்று கேட்டதும் என்ன தோன்றியதோ, அக்கா அந்தக் காலத்தில் குழாயடியில் குடத்தைத் தள்ளி வைத்தவளைப் பார்த்துச் சொல்லுகிற வசவு நாக்கு நுனியில் வந்து நின்றது. அக்கா சொன்னால் எதிராளி வாயடைத்துப் போவாள், கெட்ட வார்த்தை இரண்டை ஒட்டி அக்காவே தைத்த வார்த்தை அது, வேறு யார் வாயிலும் நான் கேட்டதில்லை. இப்போது அக்காவுக்கே மறந்துபோய்விட்டது, திட்டுவதே இல்லை, எல்லாரையும் நீங்க வாங்க என்கிறாள், கேட்டால் மனசு அறுந்துபோகிறது. அந்த வசவைத்தான் இங்கிலீஷ் எழுத்தில், இந்தக் காலத்துப் பிள்ளைகள் தமிழை அடிக்கிறார்களே அப்படி, தடதடவென்று அடித்தேன். மறுபடி அடித்து உறுதி செய் என்றது, மறுபடி அடித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்று ஒத்துக்கொண்டு பக்கத்தில் ஒரு பச்சை டிக் போட்டது, வலுவான கடவுச்சொல் என்று சான்றிதழ் வேறு. வலுவானதுதான், அக்கா வாயிலிருந்து வந்ததில்லையா. அப்படியானால் இப்போது ஏன் தவறு. நான் வேறு எதையாவது வைத்துவிட்டு இதை வைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறேனா. கடைசியில் ஓர் எண் சேர்த்தேனா. சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் என்ன எண் சேர்த்திருப்பேன், பிறந்த வருஷமா, ஆபீஸில் சேர்ந்த வருஷமா. பார், சேர்க்கவில்லை என்று இப்போதுதான் சொன்னேன், அதற்குள் சேர்த்த எண்ணைத் தேட ஆரம்பித்துவிட்டேன். இப்படித்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது.

அக்காவுக்குச் சாவியில் ஆரம்பித்தது. கோயிலுக்குப் போய்விட்டு வந்து எங்கள் வீட்டு வாசலிலேயே நின்றாள், கையில் சாவி இருக்கிறது, கதவோடு பதித்த பூட்டு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, உள்ளே இருந்து சன்னல் வழியாகப் பார்த்த நான், என்னக்கா நிக்க, திற என்றேன், இது யார் வீட்டுச் சாவிட்டி என்று கேட்டாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன். சாவி கையில் இருப்பது, பூட்டு எதிரே இருப்பது, திறக்கத் தெரியாமல் நிற்பது. இப்போது நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன். வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே. போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் அங்கே பக்கத்து வீட்டுக்காரியோடு பேச நின்றுவிட்டேன், பால் பொங்கி அடுப்பு அணைந்து கேஸ் வீடு முழுக்கப் பரவியிருந்தது, அக்கா அந்த வாசத்துக்கு நடுவில் உட்கார்ந்து வாரப் பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். பாலை எல்லாரும்தான் மறக்கிறார்கள், பால் பொங்காத வீடு உண்டா. ஹேமாவிடம் நானே உளறினேன், சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் அப்புறம் ஒவ்வொரு போனிலும் என்னையும் பரிசோதிக்க ஆரம்பித்துவிட்டாள், சித்தி நேத்து என்ன சமைச்சீங்க, சித்தி போன வாரம் யாரு வந்தான்னு சொன்னீங்க. கெட்டவள் இல்லை, பயந்தவள். "சித்தி, நீங்களும் மறக்கீங்க. நாளைக்கு உங்களுக்கும் அம்மா மாதிரி ஆச்சுன்னா ரெண்டு பேரும் தனியா என்ன செய்வீங்க? கோயம்புத்தூர்ல நல்ல இடம் பாத்திருக்கேன், டாக்டர் இருக்காங்க, தோட்டம் இருக்கு. புதன்கிழமை கூப்பிடுதேன், சரியா இல்லையான்னு ஒரே வார்த்தை சொல்லுங்க" என்றாள். சென்னைக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அழுகை வந்தால் மட்டும் கூப்பிடுதேன் என்று நம் ஊர்ப் பேச்சு வந்துவிடும் அவளுக்கு. இன்று புதன்கிழமை.

குக்கர் கத்துகிறது. எத்தனையாவது விசில் என்று எண்ணவில்லை, அணைத்துவிடுவோம், குழைந்தால் குழையட்டும். அணைத்துவிட்டேன், கேஸ் குமிழை மூடினேன், மூடினேனா, திரும்பிப் போய்ப் பார்த்தேன், மூடித்தான் இருக்கிறது. போனில் குழுவுக்குச் செய்தி போட்டிருந்தேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது, என்ன செய்ய என்று. பதில்கள் வந்து கிடக்கின்றன. மறந்துட்டீங்களாம்மா, கவலைப்படாதீங்க, எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்கிறது முதல் பதில், எல்லாருக்கும் நடக்கிறதா என்று யார் இப்போது கேட்டார்கள். மீட்பு முறையில் போய் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம் என்கிறது இன்னொன்று. பேசாம மறுபடியும் முதல்லயிருந்து போட்டுருங்க, அதான் சுலபம் என்கிறது மூன்றாவது. சுலபம்தான். எனக்கு இப்போது கண்ணைக் கட்டிவிட்டால்கூட நிறுவத் தெரியும். மறுபடி நிறுவினால் லேப்டாப் திறந்துவிடும், மாற்றினாலும் திறந்துவிடும், ஆனால் நான் மறந்தேனா இல்லையா என்பது அப்புறம் எந்தக் காலத்திலும் தெரியாமலே போய்விடும். எனக்கு இப்போது வேண்டியது லேப்டாப் இல்லை, அந்தப் பதில்தான். இந்த உலகத்தில் இந்த ஒரு பெட்டிக்கு மட்டும்தான் தெரியும், நான் அன்றைக்கு என்ன அடித்தேன் என்று. பொய் சொல்லாது, முகதாட்சண்யம் பார்க்காது, அதுதானே இதில் பிடித்தது எனக்கு. அதுவே தவறு தவறு என்கிறது என்றால். ஆனாலும் ஓர் அரிப்பு விடமாட்டேன் என்கிறது, இதில் என்னவோ இருக்கிறது, எங்கேயோ ஒரு சின்ன இடத்தில் ஏமாந்திருக்கிறேன், அது மட்டும் கண்ணில் பட்டுவிட்டால் போதும் என்று. பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி ஒரு குறுகுறுப்பு. அறுபதைத் தாண்டியவளுக்கு இந்தக் குறுகுறுப்பு வந்தால் அதுவே ஒரு வரம்தான், பயத்தோடு வந்தால் என்ன.

அக்கா எழுந்து வருகிறாள். செருப்பு போடாத பாதம் தரையில் தேய்கிற சத்தம். கதவைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்க்கிறாள், பக்கத்து வீட்டுக்கு வந்தவள் மாதிரி ஒரு கூச்சம் முகத்தில். "ஏம்மா, நீங்க யாரு? இங்க உலகுன்னு ஒருத்தி இருந்தாளே, எங்க போனா?" என்று கேட்கிறாள். "நான்தான்க்கா உலகு. இந்தா உக்காரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். "இல்லம்மா, அவ சின்னப் பிள்ளைல்லா. டைப்பு இன்ஸ்டிட்யூட்டுக்குப் போயிருப்பா. சாப்பிடாமக் கொள்ளாமப் போயிருதா" என்கிறாள். உட்கார்ந்தாள். அவள் கை குளிர்ந்திருக்கிறது, என் கையும் குளிர்ந்துதான் இருக்கிறது. இந்தக் கேள்வியை ஒரு நாளைக்குப் பல தடவை கேட்கிறாள், நானும் நான்தான் உலகு என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறேன், நம்புவதில்லை, கட்டத்தை ஆட்டிக் காட்டாததுதான் பாக்கி. முன்னெல்லாம் அழுகை வரும், இப்போது வருவதில்லை, பழகிவிட்டது என்று சொல்லலாம், பழகிவிட்டது என்று சொல்வதும் ஒரு பொய்தான். இன்ஸ்டிட்யூட்டுக்குத்தான் போயிருக்கிறேன் அக்கா, அங்கேதான் சாவியைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். சத்தமாகச் சொல்லவில்லை. மறுபடி அந்த வசவை அடித்தேன், அடிக்கும்போதே வாய்க்குள் முணுமுணுத்தேன், அக்காவுக்குக் கேட்டு ஏதாவது ஞாபகம் வருமோ என்று ஒரு நப்பாசை. அக்கா சேலை நுனியை நீவிக்கொண்டிருந்தாள். மாட்டேன் என்று தலையாட்டியது பெட்டி.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து மட்டும் அவளை விட்டுப் போகவில்லை, மனிதர்கள் எல்லாம் போய்விட்டார்கள், எழுத்து நிற்கிறது, பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை, பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பேர், எதைக் கண்டாலும் வாய்விட்டு வாசித்துவிடுவாள். இப்போது விரலை நீட்டித் திரையைத் தொட்டு எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசிக்கிறாள், "உலகம்மாள்." அப்புறம் என் பக்கம் திரும்பி முகமெல்லாம் சிரிப்பாக, "இது எங்க தங்கச்சி பேருல்லா. தமிழ்ல எழுதியிருக்கு பாத்தீங்களா. யாரு எழுதுனா?" என்கிறாள். நான்தான்க்கா எழுதினேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வாய் அப்படியே நின்றுவிட்டது. நான்தான் எழுதினேன். தமிழில் எழுதினேன். எப்படி எழுதினேன். உங்கள் பெயர் என்ன என்று கேட்ட கட்டத்தில் எல்லாரும் இங்கிலீஷில்தான் அடிப்பார்கள், எனக்குத்தான் ஆசை, புது இயந்திரம் கிடைத்தால் முதலில் தமிழில் பேர் அடித்துப் பார்க்கிற ஆசை, இன்ஸ்டிட்யூட்டில் படித்த எல்லாருக்கும் உண்டு அது, விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றிவிட்டு, பழைய ரெமிங்டன் டைப்ரைட்டரில் கை எப்படிப் போகுமோ அப்படியே போக, உ, ல, க, ம், மா, ள், ஒவ்வொன்றாக விழ விழ ரசித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனேன். மாற்றியதைத் திரும்ப இங்கிலீஷுக்கு மாற்றினேனா. மாற்றவில்லை. மாற்றவே இல்லை. என் கை இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு இங்கிலீஷ் எழுத்து இருந்த விசைகளை அடித்தது, உள்ளே அது தமிழாக என்னத்தையோ கன்னாபின்னாவென்று வாங்கி வைத்துக்கொண்டது, வெளியே தெரிந்ததெல்லாம் புள்ளி, எந்த மொழியில் அடித்தாலும் புள்ளி புள்ளிதானே. மறுபடி அடி என்றபோதும் அதே தமிழில் அதே தப்பு, அதனால்தான் இரண்டும் ஒன்று என்று டிக் போட்டது. இப்போது அணைத்துப் போட்டதும் அது தானாக இங்கிலீஷுக்குத் திரும்பிவிட்டது. நான் சரியாகத்தான் அடிக்கிறேன். வேறு எழுத்தில் போய் விழுகிறது, அவ்வளவுதான்.

இரு இரு, அவசரப்படாதே, நிஜமாக இருக்கவேண்டும் கடவுளே. திரையின் மூலையில் சின்னதாக இரண்டு இங்கிலீஷ் எழுத்து, இவ்வளவு நேரமும் அங்கேதான் இருந்திருக்கிறது, யார் பார்த்தார்கள். அதை அமுக்கினேன், கீழே பட்டியல் விரிந்தது, தமிழ் என்று இருக்கிறது, அமுக்கினேன். அக்கா கையை என் தோளில் வைத்துக்கொண்டு என்னவோ கேட்கிறாள், இரு அக்கா, ஒரு நிமிஷம். அதே விசைகள். இங்கிலீஷ் எழுத்தில் அந்த வசவு. அக்காவின் வசவு. விரல் முதல் விசையிலேயே நழுவியது, அழித்தேன், சேலை முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டேன், மறுபடி முதலிலிருந்து, புள்ளி, புள்ளி, புள்ளி, கண்ணை மூடிக்கொண்டு என்டர் தட்டினேன். தலையாட்டுகிற நேரம் ஆயிற்று. கண்ணைத் திறக்கவில்லை. டுடும் என்று ஒரு சத்தம் வந்தது, சின்ன உடுக்கையைத் தட்டின மாதிரி. "ஏ, மலை" என்றாள் அக்கா. கண்ணைத் திறந்தால் திரை முழுக்க நீல மலை, அதன் மேல் மேகம், ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், நல்வரவு என்று ஒரு வார்த்தை. எனக்கு மறக்கவில்லை. ஒரே ஓர் எழுத்துகூட மறக்கவில்லை. விரலுக்கு மறக்கவில்லை, மூளைக்கும் மறக்கவில்லை, என்ன செய்தேன் எந்த வரிசையில் செய்தேன் என்பது முழுசாக அப்படியே உள்ளே இருக்கிறது, இவ்வளவு நேரமும் உள்ளேயேதான் இருந்தது. அக்காவைக் கட்டிக்கொண்டேன். யாரோ ஒரு பெண் தன்னைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்திருக்கும், ஆனாலும் முதுகைத் தடவிக் கொடுத்தாள், அழாதீங்கம்மா, எல்லாம் சரியாப் போயிரும் என்றாள். நான் அழவில்லை அக்கா, சிரிக்கிறேன், இரண்டும் ஒரே மாதிரி சத்தம் போடுகிறது இன்றைக்கு.

போன் அடிக்கிறது, ஹேமா. அவள் ஹலோ சொல்வதற்குள் நான் சொல்லிவிட்டேன், "இல்லம்மா. உங்க அம்மை இங்கயே இருக்கட்டும்." அந்தப் பக்கம் தட்டு ஓசை, பேச்சு ஓசை, கேன்டீனாக இருக்கும். "என்ன சித்தி, மூச்சு வாங்குது? ஓடியா வந்தீங்க?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டினேன், வைஃபை, பென்குவின், தமிழில் பேர் அடித்தது, தவறு தவறு என்றது, மனசுக்குள் கட்டிய பந்தயம், அவள் அம்மா வாசித்தது, திறந்தது. அப்புறம், "சரி சித்தி. இன்னைக்கு மறக்கல. நாளைக்கு மறந்தா?" என்றாள். "மறந்தா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்றேன். "மறந்துட்டா எப்படிச் சித்தி சொல்லுவீங்க?" என்றாள் ஹேமா. மெதுவாகத்தான் கேட்டாள், குத்திக்காட்டுகிற குரல் இல்லை, ராத்திரியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டு கிடந்தவள் குரல். இவ்வளவு நேரம் குதித்த மனசு அப்படியே உட்கார்ந்துவிட்டது, ஆனால் பயந்து உட்காரவில்லை, யோசிக்க உட்கார்ந்தது. அக்கா திரையில் இருக்கிற மலையை விரலால் தடவிக்கொண்டிருக்கிறாள்.

கடவுச்சொல்லை யாரிடமும் சொல்லாதீர்கள், பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லாதீர்கள் என்று குழுவில் ஒருவர் பாடமே எடுத்திருந்தார். எடுக்கட்டும். "ஹேமா, பக்கத்துல யாரும் இருக்காளா?" என்றேன். இல்லை, வராந்தாவுக்கு வந்துட்டேன் என்றாள். "இந்தப் பெட்டியோட கடவுச்சொல்லை உனக்குச் சொல்லுதேன். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை நீ போன் பண்ணி என்ட்ட அதைக் கேளு. சோறு என்ன, குழம்பு என்னன்னு கேக்காத, இதை மட்டும் கேளு. நான் பட்டுனு சொன்னா போனை வச்சுட்டு உன் வேலையைப் பாரு. என்னைக்குச் சொல்லாம முழிக்கேனோ, அன்னைக்கே வண்டி ஏறி வா. எங்க ரெண்டு பேரையும் ஒரே இடத்துல கொண்டுபோய் விடு, பிரிச்சு விட்டுராத" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சரி சித்தி, சொல்லுங்க என்றாள். அக்காவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, கையால் வாயை மறைத்துக்கொண்டு சொன்னேன். முதல் தடவையாக அதை வாய்விட்டு முழுசாகச் சொன்னேன், காது சூடாகிவிட்டது. "சித்தி, இது அம்மா திட்டுத வார்த்தைல்லா" என்றாள். ஆமா என்றேன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டு, "இருங்க, பேனா எடுக்கேன், எழுதிக்கிடுதேன்" என்றாள்.

"எழுதாத" என்றேன். "நீயும் ஞாபகம் வச்சுக்கோ."